காலில் அடைபடும் நாடியும் உலோகச் சேர்வைகளும்

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் பழைய மாணவியர் இருவர் இணைந்து ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவில் விஞ்ஞான உரைகளும் இடம்பெற வேண்டும் என்று சங்கம் விரும்பியபோது எங்கள் இருவரிடமும் தனித்தனியாகவே கேட்டார்கள். நாங்கள் பேசிப் பார்த்து, இரண்டையும் ஒரே உரையாகத் தருகிறோம் என்றோம். எங்களில் ஒருவர் குருதிக்கலன் சத்திரசிகிச்சை செய்பவர். காலில் அடைபட்ட நாடிகளைத் திறப்பது அவர் வேலை. மற்றவர் உலோகச் சேர்வைகளின் இரசாயனத்தை ஆராய்பவர். இவை இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் நினைக்கலாம். உயர்தர வகுப்பில் ஒரே வாங்கில் இருந்து படித்தோம் என்பது ஒன்று. அதைவிட முக்கியமான தொடர்பு, எங்கள் தாய்மாரின் கால்கள். அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறோம்.

முதலில் நோயைச் சொல்லிவிடுகிறோம். காலுக்குப் போகும் நாடியின் சுவரில் கொழுப்பும் நார்ப்பொருளும் கல்சியமும் சேரச் சேரப் பாதை ஒடுங்குகிறது. ஓய்வாக இருக்கும்போது வருகின்ற குருதி தசைக்குப் போதும். நடக்கும்போது அதிகம் வேண்டும். ஒடுங்கிய நாடியால் அதைக் கொடுக்க முடியாது. கெண்டைக்காலை இறுக்கிப் பிடிப்பதுபோல நோ வரும். நின்றால் சில நிமிடங்களில் போய்விடும். மீண்டும் நடந்தால் ஏறக்குறைய அதே தூரத்தில் மீண்டும் வரும். நோய் முற்றினால் படுத்திருக்கும்போதே, முக்கியமாக இரவில், பாதம் நோகும். காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டால் சற்று ஆறும். அதற்கும் அப்பால் ஆறாத புண், கறுத்த விரல், கடைசியில் காலையே அகற்ற வேண்டிய நிலை. புகைத்தல், நீரிழிவு, உயர் குருதியமுக்கம், கொலஸ்திரோல், சிறுநீரக நோய், வயது ஆகியவை இதற்கு வழி செய்கின்றன. காலில் இந்த அடைப்பு உள்ளவருக்கு மாரடைப்பும் பாரிசவாதமும் வரும் ஆபத்தும் கூட.

இதைப் பெண்கள் நிறைந்த சபையில் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெண்களில் பலருக்கு இந்த நோய் பாடப்புத்தகத்தில் எழுதியிருப்பதுபோல வருவதில்லை. கால் பாரமாக இருக்கிறது, உளைகிறது, களைக்கிறது என்பார்கள். இன்னும் பலர் ஒன்றும் சொல்வதில்லை, நடையைக் குறைத்துக்கொள்வார்கள். கோயில் வெளிவீதி சுற்றியவர் உள்வீதியோடு நிறுத்திக்கொள்வார். சந்தைக்குப் பேரப்பிள்ளையை அனுப்புவார். கேட்டால், "வயது போகுது பிள்ளை, இனி என்ன" என்பார். நடக்காதவருக்கு நடையில் வரும் நோ தெரியாது. ஆகவே நோய் வெளியே தெரியும்போது பல வேளைகளில் புண்ணாகவே தெரிகிறது. கால் உளைவை வயதின் கணக்கில் எழுதி மூடிவிடாதீர்கள் என்பதே இன்று நாங்கள் உங்களிடம் கேட்கும் முதல் காரியம்.

கண்டுபிடிப்பது கடினம் இல்லை. கணுக்காலில் உள்ள குருதியமுக்கத்தை அளந்து, கையில் உள்ள அமுக்கத்தால் வகுக்க வேண்டும். ஊசி இல்லை, நோ இல்லை. விடை 0.90 அல்லது அதற்குக் குறைவு என்றால் அடைப்பு உண்டு. 1.40க்கு மேல் வந்தால் மகிழ வேண்டாம். நாடிச் சுவரில் கல்சியம் படிந்து, அமுக்கினாலும் அமுங்காத குழாயாகிவிட்டது என்று அர்த்தம். நீண்டகால நீரிழிவில் இது அடிக்கடி காணப்படும். அப்படியானவருக்குக் கால் பெருவிரலில் அமுக்கத்தை அளக்க வேண்டும்.

இனி 1964ஆம் ஆண்டுக்குப் போவோம். எங்கள் இரண்டு துறைகளிலும் அந்த ஆண்டுக்குத் தனி இடம் உண்டு.

அந்த ஆண்டு ஜனவரி 16ஆம் திகதி அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தில், போட்லண்ட் நகர வைத்தியசாலையில் 82 வயதுப் பெண் ஒருவர் இருந்தார். பாதத்தில் புண்ணும் விரல்களில் அழுகலும். காலை அகற்ற வேண்டும் என்று சொன்னார்கள், அவர் சம்மதிக்கவில்லை. கதிரியல் வைத்தியர் சாள்ஸ் டொற்றர் அவருடைய தொடை நாடியில் ஒடுங்கியிருந்த இடத்தினூடாக மெல்லிய கம்பி ஒன்றைச் செலுத்தி, அதன்மேல் ஒன்றைவிட ஒன்று பருத்த குழாய்களை ஏற்றிப் பாதையை விரித்தார். கால் சூடேறியது. புண் ஆறியது. அந்த அம்மையார் இறக்கும்வரை தம்முடைய இரண்டு கால்களிலும் நடந்தார். இதயத்துக்குச் செய்வதைத்தான் பிறகு காலுக்கும் செய்தார்கள் என்று பலர் எண்ணுகிறோம். நடந்தது மறுபுறமாக. அன்ட்றியாஸ் குறுன்ற்சிக் என்ற வைத்தியர் சூரிச் நகரில் 1974இல் பலூனைக் கால் நாடியில் பயன்படுத்திய பிறகே 1977இல் இதய நாடிக்குக் கொண்டுபோனார். சத்திரசிகிச்சைக்கு "மாட்டேன்" என்று சொன்ன ஒரு முதிய பெண்ணின் காலில் இந்த வைத்தியமுறை தொடங்கியது என்பதை இன்றைய மாணவியர் நினைவில் வைத்திருக்கலாம்.

அதே 1964இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசு டொறதி ஹொட்ஜ்கின் என்ற ஆங்கிலேயப் பெண்ணுக்குப் பகிரப்படாமல் முழுமையாக வழங்கப்பட்டது. கைவிரல்கள் வாதத்தால் கோணிப்போன நிலையிலும் அவர் எக்ஸ் கதிர்களால் பளிங்குகளை ஆராய்ந்து, பெனிசிலினின் கட்டமைப்பையும் விற்றமின் பி12இன் கட்டமைப்பையும் கண்டார். பி12இன் நடுவில் இருப்பது ஒரு கோபாற்று அணு. நான்கு நைதரசன் அணுக்கள் வளையமாக அதைப் பிடித்திருக்கின்றன. மேலும் கீழும் இன்னும் இரண்டு பிணைப்புகள். உலோகத்தை நடுவில் வைத்துப் பிற அணுக்கள் சூழ்ந்திருக்கும் இத்தகைய சிக்கல் சேர்வைகளைத்தான் உயர்தர இரசாயனத்தில் தாண்டல் மூலகங்கள் என்ற பாடத்தில் படித்தோம். உடலுக்குள் இருக்கும் பி12இன் ஒரு வடிவத்தில் கோபாற்றுக்கும் காபனுக்கும் நேரடிப் பிணைப்பே உண்டு.

இதற்கும் காலுக்கும் என்ன சம்பந்தம்? பி12 குறைந்தால் நரம்பு பழுதாகும், பாதம் விறைக்கும். மாமிசம், மீன், முட்டை, பால் ஆகியவற்றிலிருந்தே இந்த விற்றமின் எமக்கு வருகிறது. சைவ உணவுக்காரரில் அது குறையலாம். நீரிழிவுக்கு மெற்போமின் குளிசையை நீண்ட காலம் எடுப்பவர்களிலும் குறையலாம். நீரிழிவே நரம்பைப் பழுதாக்கும். விறைத்த பாதத்துக்கு நோ தெரியாது. முள் குத்தியதும் தெரியாது, நாடி அடைபட்டதும் தெரியாது. சைவ உணவும் நீரிழிவும் மெற்போமினும் ஒன்றாகச் சேர்ந்த எத்தனை வீடுகளை நாம் அறிவோம்! அதற்காக மெற்போமினை நிறுத்திவிடாதீர்கள். பி12ஐ ஒரு குருதிப் பரிசோதனையில் பார்த்துக்கொள்ளலாம், குறைந்தால் நிரப்பலாம்.

அடுத்தது நாடிக்குள் வைக்கும் உலோகம். பலூனால் விரித்த நாடி மீண்டும் ஒடுங்காமலிருக்க ஸ்ரென்ற் என்ற வலைக்குழாயை வைக்கிறார்கள். இதயத்துக்கு உருக்குப் போன்ற உலோகம் சரி. தொடை நாடிக்கு அது சரிவரவில்லை. குந்தும்போதும், நிலத்தில் சப்பாணி கட்டி இருக்கும்போதும் அந்த நாடி வளைகிறது, முறுகுகிறது, குறுகுகிறது. நசிந்த உருக்கு நசிந்தபடியே நின்றுவிடும். இங்கே உதவியது நிற்றினோல். 1959 தொடக்கம் அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுகூடத்தில் வில்லியம் பியூலர் என்பவர் நிக்கலையும் தைத்தேனியத்தையும் சேர்த்து ஆராய்ந்துகொண்டிருந்தார். கூட்டமொன்றில் ஒருவர் மடித்து வைத்திருந்த தகட்டுக்கு லைற்றரைப் பிடித்தார். தகடு தானாகவே நிமிர்ந்தது.

காரணம் இதுதான். பித்தளையில் செம்பும் நாகமும் ஒழுங்கில்லாமல் கலந்திருக்கும். நிற்றினோலில் இரண்டு மூலகங்களும் ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில், ஒரு சதுரமுகியின் எட்டு மூலைகளிலும் ஒன்று, நடுவில் மற்றது என்று ஒழுங்காக அமர்ந்திருக்கின்றன. இதை உலோகங்களுக்கிடையிலான சேர்வை என்கிறோம். குளிரில் அந்தச் சதுரமுகி சரிந்துகொடுக்கும். அப்போது எப்படியும் மடிக்கலாம். சூடேறினால் பழைய வரிசைக்கே திரும்பும். நிக்கல் அணுக்களின் வீதம் நூற்றில் பத்திலொரு பங்கு கூடினாலே இந்த மாற்றம் நிகழும் வெப்பநிலை ஏறக்குறைய 10 பாகை இறங்கிவிடும். ஆகவே அளவை நுணுக்கமாகச் சரிசெய்து, உடல் வெப்பத்தில் விரிந்து நிற்கும்படியும், நசித்தாலும் மீண்டும் எழும்பும்படியும் செய்யலாம். 1983இல் டொற்றரின் குழு உட்பட இரண்டு குழுக்கள் நிற்றினோல் சுருள்களை நாய்களின் நாடியில் வைத்துப் பார்த்து எழுதின. இன்று தொடை நாடிக்கு வைக்கும் ஸ்ரென்ற்கள் பெரும்பாலும் நிற்றினோலால் ஆனவை. அதுவும் குறையற்றது அல்ல. ஓயாமல் வளைவதால் சிலவற்றில் கம்பிகள் முறிந்திருக்கின்றன.

போலித் தோடு போட்டால் காது சிவந்து கடிப்பவர்கள் இந்தச் சபையிலும் இருப்பீர்கள். அந்த ஒவ்வாமை பெரும்பாலும் நிக்கலால் வருவது. நிற்றினோலின் மேற்பரப்பில் தைத்தேனிய ஒட்சைட்டு மெல்லிய தோல்போலப் படர்ந்து நிக்கலை உள்ளே அடக்கி வைக்கிறது. ஆனாலும் அப்படிக் கடிப்பவர்கள் சிகிச்சைக்கு முன்னரே வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள்.

முழங்காலுக்குக் கீழே உள்ள நாடிகள் இன்னும் மெல்லியவை. நீரிழிவு அதிகம் தாக்குவதும் அவற்றைத்தான். அங்கே நிரந்தரமாக உலோகத்தை விட்டுவைப்பதை வைத்தியர்கள் விரும்புவதில்லை. ஆகவே வேலை முடிந்ததும் கரைந்துபோகும் தாங்கிகள் வந்திருக்கின்றன. அவை இலக்ரிக் அமிலத்திலிருந்து வரும் பல்பகுதியத்தால் ஆனவை. தயிர் புளிப்பதும், ஓடினால் தசையில் சேர்வதும் அதே அமிலம்தான். அந்தப் பல்பகுதியத்தை உருவாக்க மிகப் பரவலாகப் பயன்படும் ஊக்கி வெள்ளீயத்தின் சேர்வை ஒன்று. வளைய மூலக்கூறு ஒன்று வந்து வெள்ளீய அணுவைப் பற்றுகிறது, வளையம் திறக்கிறது, சங்கிலியில் ஒரு கண்ணி கூடுகிறது, அடுத்த வளையம் வருகிறது. மாலை கட்டுபவரின் கையைப்போல அந்த உலோகம் நின்ற இடத்தில் நிற்க, மாலை நீளுகிறது. கடைசியில் அந்த வெள்ளீயத்தை எவ்வளவு குறைக்கலாம், அதற்குப் பதிலாக உடலுக்கு இன்னும் ஒத்துப்போகும் எந்த உலோகத்தை வைக்கலாம் என்பவையே இரசாயனவியலாளரின் இன்றைய கேள்விகள்.

2023இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 261 பேர் பங்குபற்றினார்கள். கால் நாடி கடுமையாக அடைபட்டவர்கள் அவர்கள். சிலருக்குப் பலூன் மட்டும். மற்றவர்களுக்கு எவரோலிமஸ் மருந்து பூசிய கரையும் தாங்கி. ஓராண்டு முடிவில், காலை இழக்காமலும் நாடி மீண்டும் அடைபடாமலும் இருந்தவர்கள் தாங்கி வைத்தோரில் நூற்றுக்கு 74. பலூன் மட்டும் செய்தோரில் 44. வித்தியாசத்தின் பெரும்பகுதி நாடி மீண்டும் ஒடுங்காததில் வந்தது என்பதையும் சொல்லவேண்டும். 2024 ஏப்ரலில் அமெரிக்கா இதற்கு அனுமதி வழங்கியது. இதே வகைத் தாங்கி முன்னர் இதயத்துக்கு வந்து, அதில் குருதி உறையும் ஆபத்துக் கூடியதால் 2017இல் விற்பனையிலிருந்து நிறுத்தப்பட்டது. ஒரு குழாயில் தோற்றது இன்னொன்றில் பயன்படலாம். எது எங்கே பயன்படும் என்பதைச் சோதித்துத்தான் அறியலாம்.

அந்தச் சோதனை ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு பாடம் சொல்கிறோம். எங்கள் இருவர் துறைகளும் நேருக்கு நேர் முட்டிக்கொள்ளும் இடமும் அதுதான்.

குடாநாட்டுக் கிணற்று நீர் சுண்ணக்கல்லில் ஊறி வருவது. எங்கள் வீட்டுக் கேத்தல்களின் அடியில் வெள்ளைப் படிவு கட்டுவது உங்களுக்குத் தெரியும். பல்கலைக்கழகத்தில் அந்த நீரின் வன்மையை அளக்க ஈ.டி.ரி.ஏ. என்ற சேர்வையைப் பயன்படுத்துவோம். ஒரு கல்சியம் அயனை ஆறு இடங்களில் பற்றிக்கொள்ளும் மூலக்கூறு அது. ஒரு துளி கூடியதும் நிறங்காட்டி செந்நிறத்திலிருந்து நீலமாக மாறும் அழகை மறக்க முடியாது. ஈயம் உடலில் ஏறியவருக்கு அதை வெளியேற்றவும் இதே மருந்தின் ஒரு வடிவம் 1950கள் முதல் பயன்படுகிறது. அப்போதே சிலருக்கு ஓர் எண்ணம் வந்தது. நாடியில் படிவதும் கல்சியம்தானே. இதை நாளத்தில் ஏற்றினால் அந்தக் கல்சியத்தைக் கரைத்துக் கொண்டுபோகாதா?

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கேத்தலில் வினாகிரி ஊற்றினால் படிவு கரைகிறதே. ஆனால் கேத்தலின் படிவு மேலே இருக்கிறது. நாடியின் கல்சியம் சுவருக்குள், கொழுப்போடும் நாரோடும் பின்னிப்போய் இருக்கிறது. ஏற்றிய மருந்து முதலில் பற்றுவது குருதியில் மிதக்கும் கல்சியத்தை. அது குறைந்ததும் எலும்பிலிருந்து கல்சியம் வந்து நிரப்பும். குருதியில் கல்சியம் திடீரென்று மிகவும் குறைந்தால் இதயத் துடிப்பே குழம்பும். அமெரிக்காவில் இப்படி உயிரிழப்புகளும் நடந்திருக்கின்றன.

நியாயத்தை மட்டும் நம்பாமல் சோதித்தும் பார்த்தார்கள். 1990களில் டென்மார்க்கிலும் நியூசிலாந்திலும் நடைநோ உள்ளவர்களுக்குச் சிலருக்கு இந்த மருந்தும், சிலருக்கு உப்புக் கரைசலும், யாருக்கு எது என்று தெரியாமல் ஏற்றினார்கள். நடக்கும் தூரத்தில் மருந்தால் நன்மை எதுவும் காணப்படவில்லை. மாரடைப்பு வந்த 1708 பேரில் நடந்த ஆய்வொன்றில், 2013இல், சிறிய நன்மை காணப்பட்டது. நீரிழிவு உள்ளோரில் அது கூடுதலாகத் தெரிந்தது. அதை உறுதிசெய்ய நீரிழிவும் மாரடைப்பும் உள்ள 1000 பேரில் மீண்டும் செய்தார்கள். 2024இல் முடிவு வந்தது. குருதியில் ஈயம் நன்றாகக் குறைந்தது. மாரடைப்பும் மரணமும் குறையவில்லை. மருந்து தன் இரசாயனத்தைச் சரியாகவே செய்தது. நோயாளிக்கு அதனால் பயன் வரவில்லை.

இதை விரிவாகச் சொல்லக் காரணம், கத்தி இல்லாமல் நாடியைக் கழுவித் தருகிறோம் என்று இந்த ஏற்றலை இன்றும் பல நாடுகளில் விற்கிறார்கள். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் அம்மாவின் காலுக்கென்று அனுப்பும் பணம் அதில் போகிறது. பணம் போனால் உழைக்கலாம். ஆறாத புண்ணுக்கு அந்தக் கிழமைகள் திரும்பி வராது.

அப்படியானால் எது பயன் தரும்? புகைத்தலை விடுதல். கொலஸ்திரோலைக் குறைக்கும் ஸ்ரற்றின் மருந்தும், குருதி உறைவதைத் தடுக்கும் மருந்தும், நீரிழிவையும் அமுக்கத்தையும் கட்டுப்பாட்டில் வைத்தலும். அதன்பின் நடை. கிழமையில் குறைந்தது மூன்று நாள், நோ வரும்வரை நடந்து, நின்று, ஆறியபின் மீண்டும் நடந்து, ஒவ்வொரு முறையும் 30 முதல் 45 நிமிடம் என்று 12 கிழமை செய்தால், பெரும்பாலானோருக்கு நடக்கும் தூரம் தெளிவாகக் கூடும். பாதத்தில் புண் உள்ளவரும் ஓய்விலேயே நோ உள்ளவரும் இதைத் தொடங்கமுன் வைத்தியரைக் காணவேண்டும். அவர்களுக்கே விரைவாக நாடியைத் திறக்க வேண்டியிருக்கும்.

திறக்கும் வழியிலும் ஒரே விடை இல்லை. 1948இல் பாரிஸ் நகரில் ஜோன் குன்லின் என்பவர் நோயாளியின் சொந்த நாளத்தையே எடுத்து அடைப்பைத் தாண்டிப் பாலம் போட்டார். 2022இல் 1830 பேரில் வெளிவந்த ஆய்வு, நல்ல நாளம் இருந்தால் அந்தப் பாலமே மேல் என்றது. 2023இல் முழங்காலுக்குக் கீழ் அடைப்புள்ள 345 பேரில் வெளிவந்த பிரித்தானிய ஆய்வு, பலூன் வழியை முதலில் செய்தவர்கள் நன்றாக இருந்தார்கள் என்றது. எங்களைச் சிந்திக்க வைத்தது இன்னொரு எண். அந்த 345 பேரில் பெண்கள் 65 பேர் மட்டுமே. எங்கள் நாடிகள் மெல்லியவை. நாங்கள் வைத்தியரிடம் பிந்தி வருகிறோம். எங்களுக்கு எது நல்லது என்று தீர்மானிக்கும் ஆய்வில் நாங்கள் போதிய அளவு இல்லை. தகுந்த இடத்தில் ஓர் ஆய்வுக்குச் சேரக் கேட்டால், கேள்விகளைக் கேட்டு, விளங்கிக்கொண்டு, முடிந்தால் சேருங்கள்.

மாணவியருக்கு ஒரு சொல். வைத்தியமா இரசாயனமா என்று வீட்டில் பெரிய வாதம் நடக்கும். எங்கள் வீடுகளிலும் நடந்தது. நோயாளியின் காலடியில் நிற்பவரும் ஆய்வுகூடத்தில் வெள்ளீயத்தோடு நிற்பவரும் ஒரே காலைத்தான் காப்பாற்றப் பார்க்கிறார்கள். இரண்டுக்கும் ஆள் வேண்டும்.

அக்காமாருக்கும் தங்கைமாருக்கும் மூன்று வேண்டுகோள். இன்று இரவு உங்கள் அம்மாவின், மாமியின், உங்களுடைய சப்பாத்தையும் காலுறையையும் கழற்றிப் பாதத்தைப் பாருங்கள். விரலிடுக்கையும் குதியையும் விடாதீர்கள். முன்னர் நடந்த தூரம் இப்போது முடிகிறதா என்று கேளுங்கள். முடியவில்லை என்றால், அல்லது இரண்டு கிழமையில் ஆறாத புண் இருந்தால், கணுக்கால் அமுக்கத்தை அளந்து தரும்படி வைத்தியரைக் கேளுங்கள். நீரிழிவுக்காரரின் புண்ணுக்கு அந்த இரண்டு கிழமையும் காத்திருக்க வேண்டாம். கண்ட உடனே காட்டுங்கள். கால் திடீரென்று குளிர்ந்து, வெளிறி, நோ எடுத்தால் அது மணித்தியாலக் கணக்கு. நேரே வைத்தியசாலைக்குப் போங்கள்.